வேறு மாட்யூலுக்குப் போனதும் வரிசைப்படுத்தாத ஃபங்ஷன்

கேள்வி: பெர்ல் நிரல்மொழியில் எழுதிய ஒப்பீட்டு ஃபங்ஷனைத் தனி மாட்யூலில் வைத்தேன். அதைக் கொடுத்து சார்ட் செய்தால் பட்டியல் அப்படியே திரும்புகிறது. ஏன்?

பதில்: தர்க்கத்தில் பிழை இல்லை. ஒப்பிட வேண்டிய இரு மதிப்புகளையும் ஏந்தும் $ஏ, $பி இரண்டும் பேக்கேஜ் மாறிகள், அதாவது ஒவ்வொரு பேக்கேஜுக்கும் (பெயர்வெளிக்கும்) தனித்தனியே இருப்பவை. சார்ட் எந்த பேக்கேஜில் அழைக்கப்படுகிறதோ, அந்த பேக்கேஜின் $ஏ, $பி-யில்தான் மதிப்புகளை வைக்கும். உங்கள் ஃபங்ஷனோ தன் மாட்யூலின் $ஏ, $பி-யைப் பார்க்கிறது. அவை காலி, ஒப்பீடு எப்போதும் 0. அறிவிக்காத மாறிகளைத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் இதைக் காட்டிக்கொடுக்காது, இவ்விரு பெயர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. அதனால் வார்னிங்ஸை ஒருபோதும் அணைக்காதீர்கள். மதிப்பில்லாத மாறி என்று அதுதான் எச்சரிக்கும்.

ஃபங்ஷன் பெயரை அடுத்து ($$) என்று ப்ரோட்டோடைப் (இரண்டு மதிப்புகளை ஏற்கும் என்ற குறிப்பு) கொடுங்கள். பெர்ல் 5.6 முதல் இது உண்டு. ஒப்பிட வேண்டிய இரண்டும் அப்போது ஃபங்ஷனுக்கு வரும் மதிப்புகளின் பட்டியலான @_ வழியாக வரும். முதல் வரியிலேயே $இடது, $வலது போன்ற மை மாறிகளில் (ஃபங்ஷனுக்குள் மட்டும் இருப்பவை) வாங்கி ஒப்பிடுங்கள். வேகம் சற்றுக் குறையும். பலர் பகிரும் மாட்யூலுக்கு அந்த விலை தகும்.

‘யூஸ் வி5.36’ போட்ட கோப்பில் கவனம்: அங்கே வெறும் ($$) சிக்னேச்சராகிவிடும், அதாவது ஃபங்ஷன் ஏற்கும் மாறிகளின் பட்டியலாகப் படிக்கப்படும். :ப்ரோட்டோடைப்($$) என்றே எழுத வேண்டும்.