கருங்களி வளவில் செயற்கைப் புல்: விலைக்கு முன் அடித்தளத்தைக் கேளுங்கள்

கேள்வி: முருங்கன் பக்கத்தில் எங்கள் வீடு. வளவு முழுவதும் கருங்களி. மாரியில் காலை இழுக்கும் சேறு, கோடையில் விரல் நுழையும் வெடிப்பு. முற்றத்தில் பெரிய மாமரம் நிற்பதால் பாதி இடத்துக்கு வெயில் விழுவதில்லை. அங்கே நட்ட புல்லும் அழிந்துவிட்டது. வவுனியாவில் ஒரு கடையில் செயற்கைப் புல் விசாரித்தோம். நிலத்தை மட்டமாக்கி, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மேலே விரித்துத் தருவார்களாம். ஏழு ஆண்டு உத்தரவாதமும் உண்டாம். வெயில் விழும் பகுதி 20 அடிக்கு 14 அடி. நிழல் பகுதியும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாங்கலாமா?

பதில்: அந்த முறையில் வாங்காதீர்கள். கருங்களி ஈரம் கண்டால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இரண்டு அங்குல மணல் முதல் கோடையிலேயே வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். மேலே இருக்கும் புல் பள்ளமும் மேடுமாகும், பொருத்துகள் வாய் பிளக்கும். புல் எவ்வளவு உயர்ந்த தரமானாலும் இதைத் தடுக்க முடியாது. ஆகவே சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன், அடியில் என்ன போடுவார்கள் என்று கேளுங்கள்.

வெயில் பகுதிக்கு நான் சொல்லும் முறை இது. மேல்மண்ணை ஐந்து, ஆறு அங்குலம் அகற்ற வேண்டும். மண் இலேசான ஈரத்தில் இருக்கும்போது இதைச் செய்வது நல்லது. வெடித்துக் கிடக்கும் களியின் மேல் எதையும் கட்டக்கூடாது. களியும் கல்லும் கலக்காமலிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன் மேல் ஐந்து அங்குலம் உடைத்த சல்லி. அதை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, இயந்திரத்தால் இறுக்க வேண்டும். மேலே சமப்படுத்துவதற்கு மட்டும் மெல்லிய கல்தூள். உங்கள் 280 சதுர அடிக்கு இறுக்கிய பின் ஏறக்குறைய 117 கன அடி கல் வேண்டும். இறுகும்போது அமிழ்வதையும் சேர்த்தால் ஒன்றரை கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) வரை வாங்க நேரும். கடைக்காரரின் விலைக்குறிப்பில் இந்த ஒன்றரை கியூப் இருக்கிறதா என்று பாருங்கள். சல்லிக்குப் பதிலாகக் கிறவல் போடுகிறோம், மலிவு என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். கிறவலில் களி கலந்திருக்கும். அதனால்தான் பாதைக்கு நன்றாக இறுகுகிறது. அதே காரணத்தால் நீரை வடியவிடாது.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள். களியைத் தோண்டிக் கல் நிரப்பினால், அந்தக் குழி மாரி மழையில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும், ஏனெனில் அடியிலுள்ள ஈரக் களி நீரைக் கீழே இறங்கவிடாது. குழியின் அடித்தளத்தையே வீட்டுக்கு எதிர்ப்புறமாக நூறு அடிக்கு ஓர் அடி வீதமாவது சரித்து, தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாய் பதித்து, வாய்க்காலுக்கு வழி விட வேண்டும். இந்த வழி இல்லாவிட்டால் மற்றச் செலவெல்லாம் வீண்.

மாமரத்தடிக்குச் செயற்கைப் புல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உணவும் நீரும் எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டு அடி மண்ணில்தான் ஓடுகின்றன. அங்கே ஆறு அங்குலம் தோண்டி, இயந்திரத்தால் இறுக்கினால் வேர் அறுபடும், எஞ்சியதற்குக் காற்றும் கிடைக்காது. காய்த்து நிற்கும் மரத்தை ஒரு விரிப்புக்காகப் பலி கொடுக்கக்கூடாது. மரம் தப்பினாலும் புல் நன்றாயிராது: மாரி முழுவதும் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும், சருகும் பூவும் இழைகளுக்குள் சிக்கி மக்கும். நிழலில் பச்சை வேண்டுமென்றால், மலேசியன் புல் என்று விற்கப்படும் அகன்ற இலைப் புல்லை முயன்று பாருங்கள். அது நிழலை ஓரளவு தாங்கும், கோடையில் தண்ணீர் மட்டும் கேட்கும். அடர்ந்த நிழலானால் கூட்டிப் பெருக்கிய மண் முற்றத்தில் ஒரு வாங்கு போடுவதே அழகு.

வெயில் பகுதியிலும் ஒன்றை யோசியுங்கள். நண்பகல் வெயிலில் பிளாஸ்டிக் புல் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். நீர் தெளித்தால் சற்று நேரம் குளிரும், பிறகு மீண்டும் சுடும். குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுவதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், காலையும் மாலையும் மட்டுமே பயன்படும் என்று கணக்கிடுங்கள்.

அளவிலும் காசு மிச்சம் பிடிக்கலாம். பல கடைகளில் சுருள் 2 மீற்றர் அகலம், அதாவது 6 அடி 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று துண்டு சேர்ந்தால் 19 அடி 8 அங்குலம். உங்கள் 20 அடியை மூட நான்காவது துண்டு வாங்க நேரும். ஏறக்குறைய 92 சதுர அடிக்குக் காசு கொடுத்து, நாலு அங்குலத்தைத்தான் பயன்படுத்துவீர்கள். இரு பக்கமும் நாலு அங்குலச் சீமெந்துக் கல் வரம்பு கட்டினால் மூன்று துண்டே போதும், ஓரம் வெட்டவும் இடம் இருக்கும். மரப்பலகை வரம்பு வேண்டாம், கறையான் விடாது. வாங்குமுன் மாதிரித் துண்டை இரண்டு செங்கல்லின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, அடியால் வடிகிறதா என்று பாருங்கள். மரத்துக்குப் பக்கமாக இருப்பதால் 30 மில்லிமீற்றருக்கு மேல் உயரமான இழை வேண்டாம். சருகு கூட்ட முடியாது.

உத்தரவாதம் பொதுவாகப் புல்லின் நிறத்துக்கும் இழைக்கும்தான். நிலம் அமிழ்ந்தால், பொருத்து விட்டால் யார் பொறுப்பு என்று தனியே எழுதி வாங்குங்கள். வேலையைச் செப்டம்பரில் செய்விக்கப் பாருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் மூன்று மாதமே தருகிறது. மே மாதம் போட்டால், மாரி வந்து குறை தெரிவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும். செப்டம்பரில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குள் வந்துவிடும். கொடுப்பனவில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்திவைக்கவும் பேசிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு கட்டாயம், சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி: முல்லைத்தீவில் கடலுக்கு அருகில் எங்கள் வீடு, வெறும் மணல் நிலம். எங்களுக்கும் இவ்வளவு வேலை வேண்டுமா?

பதில்: வேண்டாம். மணலில் நீர் தானே இறங்கும். துணியும், அதன் மேல் இறுக்கிய மூன்று அங்குலச் சல்லியும் போதும். ஓரம் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் நழுவி விளிம்பு தொங்கும். அடிக்கும் ஆணிகள் நாகம் பூசியவையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு ஆணியை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடும்.