வெடித்த குக்கரைக் கம்பெனியிடம் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய குக்கரின் மூடி பறந்து, மாமியாரின் கை வெந்துவிட்டது. "வெயிட் துளையில் பருப்பு அடைத்திருக்கும், தவறு உங்களுடையது. பழையதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் புதிது தருகிறோம்" என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? பில்லும் தொலைந்துவிட்டது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சியே அந்தக் குக்கர்தான். கழுவாமல், மூடி, கேஸ்கட், வெயிட் எல்லாவற்றையும் அப்படியே ஒரு பையில் கட்டி வையுங்கள். படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பேசுவது வாரண்டி. நீங்கள் கேட்க வேண்டியது வெந்த கைக்கான இழப்பீடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ பிழை இருந்தாலும், எச்சரிக்கைக் குறிப்பு போதாமல் இருந்தாலும் அதனால் விளைந்த காயத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84ஆவது பிரிவு. வாங்கியவர் நீங்கள், சமைத்தவர் மாமியார் என்பது தடையல்ல. உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோரே.

தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்ற வாதம் வரும். 87ஆவது பிரிவில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் துளை அடைத்துக்கொண்டால் உருகி ஆவியை வெளியே விடத்தானே சேஃப்டி வால்வு? அது உருகாமல் மூடி பறந்திருந்தால், கேள்வி கம்பெனியை நோக்கித் திரும்புகிறது. வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். குக்கரைக் கொடுத்துவிட்டால் எதைச் சோதிப்பது?

பில் இல்லாவிட்டால் ஜிபே பதிவு, வாரண்டி அட்டை, கடைக்காரரின் நகல் உதவும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பாருங்கள்.

குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? 2021 பிப்ரவரி முதல் அது கட்டாயம். முத்திரைத் தரம் இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானை, அதன் தளத்தில் விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரச் சொன்னது. அந்த ஆணையத்துக்கான புகாரை உங்கள் கலெக்டரிடமே கொடுக்கலாம். மாடல் எண்ணையும் பேட்ச் எண்ணையும் அதில் மறக்காமல் எழுதுங்கள். அதே பேட்ச் குக்கர் இன்னும் எத்தனை அடுப்பில் இருக்கிறதோ!