இலவச செயற்கை மார்பகத்துக்கு 'பதிவுக் கட்டணம்' கேட்டால் கொடுக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. ஆறு வாரத்துக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்தார்கள். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருக்கிறார், விசேஷ வீடுகளுக்கு வருவதில்லை. கடையில் பாடிக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் மார்பகத்துக்கு 9,000 ரூபாய் சொல்கிறார்கள். மருத்துவமனை வாசலில் ஒருவர், 'டிரஸ்ட் மூலம் இலவசமாக வாங்கித் தருகிறேன். பதிவுக்கு 1,500 ரூபாய், அம்மாவின் போட்டோ, ஆதார் வேண்டும்' என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். டிரஸ்ட் இலவசமாகக் கொடுக்கும் என்பது உண்மைதான். அதற்கு அந்த ஆள் தேவையில்லை.

2011-இல் மார்பகத்தை இழந்த பார்பரா டெமரெஸ்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கியது 'நிட்டட் நாக்கர்ஸ்' அமைப்பு. தன்னார்வலர்கள் மென்மையான நூலில் கையால் மார்பகம் பின்னி, கேட்பவர்களுக்குச் சும்மா கொடுக்கிறார்கள். இந்தியாவிலும் இதே முறையில் பின்னிக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். என் மேஜையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். கையில் எடுத்தால் கனமே தெரியாது. பின்பக்கம் சுருக்கு வைத்த சின்ன வாய் இருக்கும். அதைத் தளர்த்திப் பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம், உறையைத் துவைத்துக் காயப்போடலாம். வழக்கமாகப் போடும் பாடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பாடி அளவு சொன்னால் போதும்.

வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் 80ஜி சான்றிதழைக் காட்டுவார்கள். அது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் காகிதம், அவ்வளவுதான். நோயாளியிடம் பணம் வாங்க அது அனுமதி இல்லை. பணத்தைவிட எனக்கு அந்தப் போட்டோதான் பயம். அம்மாவின் படத்தைப் போட்டு ஊரெல்லாம் வசூல் செய்வார்கள். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆதார் நகல், பயாப்ஸி ரிப்போர்ட் எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மருத்துவமனையில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

நீங்கள் வாசலில் நிற்பவரிடம் விசாரிக்க வேண்டி வந்ததே எனக்குக் கோபம். நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை, தையல், அடுத்த தேதி எல்லாம் இருக்கும். இனி பாடிக்குள் என்ன வைத்துக்கொள்வது என்று ஒரு வரி இருக்காது. எத்தனை மீட்டிங்கில் சொல்லிவிட்டேன்! மருத்துவமனைச் சமூகப் பணியாளரையோ வார்டு சிஸ்டரையோ நேரில் பார்த்துக் கேளுங்கள். இலவசமாகக் கொடுக்கும் அமைப்புகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். அம்மாவுக்கு ரேடியேஷன் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால் இப்போது சிலிக்கான் வாங்கவே வாங்காதீர்கள். கதிர்வீச்சு பட்ட தோல் சிவந்து, கறுத்து, சிலருக்கு உரியவும் செய்யும். அதன்மேல் சிலிக்கான் வைத்தால் வியர்த்துப் புழுங்கிப் புண்ணாகும். நூல் மார்பகமும் டாக்டர் சரி என்ற பிறகுதான். சிகிச்சை முடிந்த மறுநாளே தோல் ஆறிவிடாது, மேலும் சில வாரம் பிடிக்கும். அதுவரை பழைய, தளர்ந்த பருத்திப் பாடி போடட்டும். வெளியே போகும்போது மட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, துவைத்த மல் துணியை மடித்து உள்பக்கம் நாலு தையல் போட்டுக் கொடுங்கள். ஊக்கு குத்த வேண்டாம். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், குத்தினாலும் தெரியாது.