மாத்திரைக்குள் அமிலமா?

கேள்வி: அப்பாவின் சர்க்கரை மாத்திரை அட்டையில் 'மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மி.கி.' என்று போட்டிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கழிவறை கழுவுகிற சாமான் ஆயிற்றே, அதையா தினமும் விழுங்குகிறார்? – ஒரு வாசகி, தேனி

பதில்: பயப்படாதீர்கள், அமிலம் அங்கே அமிலமாக இல்லை. மெட்ஃபார்மின் பலமான காரம். அமிலத்தைக் கண்டதும் அதன் புரோட்டானை (எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை) பிடுங்கிக்கொண்டு நேர்மின் அயனியாகிவிடும், குளோரைடு எதிர்மின் அயனியாக மிஞ்சும், இரண்டும் சேர்ந்தால் உப்பு. உங்கள் 500 மி.கி.யில் மருந்து சுமார் 390தான், மீதி அந்த அமிலத்தின் பங்கு.

சமையல் உப்பில் மின்கவர்ச்சி மட்டும் போதும். இங்கே கூடுதலாக ஒன்று நடக்கிறது. மெட்ஃபார்மின் அயனியின் நைட்ரஜன்களில் மொத்தம் ஆறு ஹைட்ரஜன்கள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் பற்றிக்கொள்ள ஆள் தேடும். குளோரைடை ஒரே நேரத்தில் பல ஹைட்ரஜன்கள் சூழ்ந்து பிடிக்கின்றன. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நைட்ரஜனுக்கும் குளோரைடுக்கும் இடைவெளி சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிக் கட்டுண்டு கிடப்பதால் 220 டிகிரி தாண்டித்தான் உருகும், ஆனால் தண்ணீரில் போட்டால் தண்ணீர் மூலக்கூறுகள் அதே பிடியைத் தாங்களும் கொடுப்பதால் சட்டென்று கரைந்துவிடும்.

கேள்வி: புரோட்டான் இடம் மாறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கண்ணால் பார்க்க முடியுமா? – கல்லூரி மாணவர், கரூர்

பதில்: நல்ல கேள்வி. எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களைத்தான் பார்க்கும், ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று, மங்கலாகத்தான் தெரியும். அதனால் பக்கத்து வீட்டில் விசாரிக்கிற மாதிரி, மருந்தோடு சேர்வது வினிகரில் இருப்பது போன்ற கார்பாக்சிலிக் அமிலமாக இருந்தால், அதன் இரண்டு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகளின் நீளங்களை அளப்பார்கள். 1.21, 1.31 ஆங்ஸ்ட்ராம் என்று வேறுபட்டால் புரோட்டான் இன்னும் அங்கேயே இருக்கிறது, இரண்டுமே 1.25 பக்கம் வந்தால் கைமாறிவிட்டது, அதாவது உப்பு. அளக்க முதலில் படிகம் வேண்டும், அதுதான் பாடு. நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போது மூன்று வாரம் பீக்கரைக் காவல் காத்து, கடைசியில் கிடைத்தது பிசின்.

எனக்குப் பிடித்த உதாரணம் டிரைமெத்தோபிரிம் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதன் கார்பாக்சிலேட் (புரோட்டானை இழந்த கார்பாக்சிலிக் அமிலம்) உப்புகளின் படிகங்கள் பலவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். புரோட்டான் ஏறிய நைட்ரஜனும் பக்கத்து அமினோ தொகுதியும் கார்பாக்சிலேட்டின் இரண்டு ஆக்சிஜன்களை ஆளுக்கொன்றாகப் பிடிக்க, எட்டு அணு கொண்ட ஒரு வளையம் உருவாகும். சரி, இதில் என்ன விசேஷம்? பாக்டீரியாவுக்குள் ஃபோலேட் என்ற வைட்டமினைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதி ஒன்று உண்டு, அதில் போய் இந்த மருந்து ஒட்டும்போதும் அங்குள்ள அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தின் கார்பாக்சிலேட்டை இதே இரட்டைப் பிடியால்தான் பிடிக்கிறது. பீக்கரில் வளர்ந்த உப்பிலும் ஈ. கோலை கிருமியின் நொதியிலும் அதே வளையம்.