எந்தக் கணக்கை நம்புவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்கிறது மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் (ASER) அறிக்கையோ மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்கிறது. எதை நம்புவது? எங்கள் ஊராட்சியில் சுமார் 600 வீடுகள். படிப்பும் வாழ்க்கைத் தரமும் எப்படி இருக்கின்றன என்று நாங்களே கணக்கெடுக்க நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

கு., தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள கு.,

இரண்டையும் நம்பலாம். ஆனால் எந்த விகிதத்தைப் பார்த்தாலும், எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். 47 என்பது இங்குள்ள கல்லூரிகளில் படிக்கும் அத்தனை பேரையும், வயது பாராமல், 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுத்து வந்தது. வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே பொறியியல் படிப்பவர் அதில் உண்டு. இங்கிருந்து டெல்லி போய்ப் படிப்பவர் இல்லை. இதே கணக்கெடுப்பின் 2019-20 அறிக்கையில் 51.4 ஆக இருந்தது, அடுத்த ஆண்டு 46.9 ஆனது. கல்லூரிகள் காலியாகிவிடவில்லை. அதுவரை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்டவர்கள் 2011 கணக்குக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

ஏசர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. கிராமப்புறம் மட்டும், மாவட்டத்துக்கு 30 ஊர், ஊருக்கு 20 வீடு. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, பள்ளிக்கே போகாத பிள்ளை எல்லாரும் அதில் வருவார்கள். உங்களுக்கு உதவக்கூடியது இந்த முறைதான்.

600 வீட்டுக்கும் போக வேண்டாம். ஐந்துக்கு ஒரு வீடு என்று 120 போதும். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த வீட்டில் தொடங்குங்கள். ரேஷன் கார்டுப் பட்டியலை வைத்து எடுக்காதீர்கள்: தனிக்குடித்தனம் போன மகன் இன்னும் அப்பா கார்டில்தான் இருப்பான், செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துக்கு இங்கே கார்டே இருக்காது. தெருத்தெருவாக நடந்து, காலனியையும் கடைக்கோடிக் குடிசையையும் சேர்த்து, சாக்பீஸால் கதவுக்கு எண் போடுங்கள்.

பல கணக்கெடுப்புகள் கெடுவது பூட்டிய வீட்டில்தான். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வது வழக்கம், செய்யாதீர்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போன வீடு. அதை விட்டால், நீங்கள் தேடிப் போன பிள்ளையையே விட்டுவிடுகிறீர்கள். மாலையில் மறுபடி போங்கள்.

வாசிப்பைச் சோதிக்கப் பாடப்புத்தகத்தை நீட்டாதீர்கள். பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். நான்கே எளிய வரிகளில் புதிதாக ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். அதில் தொடங்குங்கள். சரளமாக வந்தால் அதைவிட நீளமான ஒரு கதை. வராவிட்டால் ஐந்து சொற்கள், நான்கு சரியாக வந்தால் போதும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள். “மரம்” என்பதை ம, ர, ம் என்று எழுத்துக் கூட்டி நிறுத்தினால் சொல் வாசித்ததாகக் கொள்ளக் கூடாது. அம்மா பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார்; ஒருவர் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் திண்ணையில் பிள்ளையுடன் உட்காரட்டும். முடிவை அக்கம்பக்கத்தார் முன் சொல்லாதீர்கள். தாளில் பெயர் வேண்டாம், வீட்டு எண் போதும்.

வாழ்க்கைத் தரத்துக்கு வருமானத்தைக் கேட்டால் உண்மை வராது. குடிநீர் எங்கிருந்து, எடுத்துவர எத்தனை நிமிடம், கழிப்பறைக்குள் தண்ணீர் இருக்கிறதா அல்லது விறகு அடுக்கியிருக்கிறதா, போன மாதம் மருத்துவத்துக்குக் கடன் வாங்கினார்களா என்று கேளுங்கள். “பள்ளிக்குப் போகிறானா?” என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “போன வாரம் எத்தனை நாள் போனான்?” என்று கேளுங்கள்.

தாய் பத்தாவது படித்த வீட்டுப் பிள்ளைகள் நன்றாக வாசிப்பதை அநேகமாகக் காண்பீர்கள். அதனால்தான் இது என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்த வீடுகளே வசதியானவையாக இருக்கலாம். ஓட்டு வீடுகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் போகாததால், நீங்கள் பார்த்த 100 பிள்ளைகளில் 40 பேர் வாசித்தால், ஊர் முழுவதற்குமான உண்மை 30க்கும் 50க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அடுத்த முறை 45 வந்தால் முன்னேற்றம் என்று சுவரொட்டி ஒட்ட முடியாது.

ஜூனில் போகாதீர்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகள் மறந்திருப்பார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். அடுத்த ஆண்டும் அதே அக்டோபரில் போங்கள்.