பயிற்சியில் இறந்தவர் போரில் இறக்கவில்லையா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியிலிருந்து தூக்கிய வெலிங்டன் விமானத்தை இங்கிலாந்தில் அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்களாம். எதிரியையே பார்க்காமல், பயிற்சியில் எஞ்சின் கெட்டு விழுந்த விமானத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? அதில் இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: எதிரியைப் பார்த்த விமானம்தான் ஐயா அது. வெலிங்டன் என்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். அதன் எண் என்2980. 1939 டிசம்பர் 18 அன்று பட்டப்பகலில் ஜெர்மனியின் கடலோரத்து ஹெலிகோலாந்து வளைகுடாவுக்குள் போன 22 வெலிங்டன்களில் அதுவும் ஒன்று. ஜெர்மன் சண்டை விமானங்களிடம் சிக்கி அன்று 12 அழிந்தன. இது திரும்பி வந்தது. பிறகும் பல தாக்குதல்களுக்குப் போய் வந்து, 1940-இல் ஸ்காட்லாந்தின் லாஸிமவுத் தளத்தின் பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அன்றைய வழக்கம் அதுதான். சண்டையில் உழைத்துத் தேய்ந்த விமானங்கள் பழகுகிற பையன்களுக்கு. பழகிய கைகளுக்குப் புது எஞ்சின், பழகாத கைகளுக்குப் பழைய எஞ்சின். ஸ்காட்லாந்தின் மலைகளையும் குளிர்காலத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

1940 டிசம்பர் 31 அன்று மோனத்லியத் மலைகளின் மேலே பனிப்புயல். சுமார் 8,000 அடி உயரத்தில் வலது எஞ்சின் நின்றுவிட்டது. விமானத்தில் எட்டுப் பேர். விமானி ஸ்குவாட்ரன் லீடர் மார்வுட்-எல்டன் மற்றவர்களைக் குதிக்கச் சொன்னார்; ஆறு பேர் குதித்தார்கள். ஐந்து பேர் பிழைத்தார்கள். பின் துப்பாக்கியில் உட்கார்ந்திருந்தவரின் பாராசூட் சரியாக விரியவில்லை. மேகம் விலகிய இடத்தில் கீழே நீளமாக ஏரி தெரிய, மார்வுட்-எல்டன் விமானத்தைத் தண்ணீர்மேல் இறக்கினார். அவரும் துணை விமானியும் ரப்பர் படகில் கரையேறி, வழியில் வந்த லாரியை நிறுத்தி இன்வர்னெஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் துப்பாக்கிக்காரரைத்தான் "எதிரியைப் பார்க்காதவர்" என்று உங்கள் கேள்வி ஒதுக்குகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை அந்தப் போரில் 55,573 பேரை இழந்தது. அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் குண்டால் சாகவில்லை. பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். போர் இல்லையென்றால் அந்தப் பையன்கள் டிசம்பர் மாதத்தில் அந்த மலைக்கு மேலே பறந்திருப்பார்களா?

மார்வுட்-எல்டன் பிழைத்தது போதும் என்று ஒதுங்கிவிடவில்லை. குரூப் கேப்டன் பதவிக்கு உயர்ந்த பிறகும் தாக்குதல்களுக்குப் போனார். 1944-இல் அவர் இருந்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுபடியும் உயிர் தப்பி, இந்த முறை ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார்.

விமானத்தின் பிற்கால வாழ்க்கை இன்னும் நீளம். 1976-இல், நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் மர்ம விலங்கைத் தேடி வந்த அமெரிக்கக் குழுவின் சோனார் கருவியில், அதாவது ஒலியலையால் நீருக்கடியில் தேடும் கருவியில், அது தட்டுப்பட்டது. கிடந்தது ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில். 1985 செப்டம்பரில் முதலில் தூக்கப் பார்த்தபோது தூக்கும் சட்டமே வளைந்துபோக, மறுபடி முயன்று 21-ஆம் தேதி மேலே கொண்டு வந்தார்கள். கூடை முடைந்ததுபோல் அலுமினியப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே துணி போர்த்திய உடல் அது. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸின் வடிவமைப்பு. துணி பெரும்பாலும் போய்விட்டது, பின்னல் நின்றது. 45 ஆண்டு தண்ணீரில் கிடந்த பின்விளக்கு பேட்டரியை இணைத்ததும் எரிந்தது! 11,000-க்கும் மேல் கட்டிய வெலிங்டன்களில் இன்று மிச்சம் இரண்டே. அவற்றில் சண்டைக்குப் போனது இது ஒன்றுதான்.

பிறந்த இடமான புரூக்லாண்ட்ஸிலேயே, அதாவது லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜில், இப்போது நிற்கிறது. அந்தப் பக்கம் போக வாய்த்தால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். வால் பக்கமும் சுற்றிப் போய்ப் பாருங்கள். அந்தத் துப்பாக்கிக்காரர் உட்கார்ந்திருந்த இடம் அங்கேதான்.