சந்தைக் கூட்டத்தை வாட்டர்கலரில் வரைந்தால் ஆட்கள் ஏன் பொம்மைபோல் நிற்கிறார்கள்?

நாகர்கோவில் வடசேரிச் சந்தையை வரைந்தால் கூட்டமாகத் தெரியவில்லை, தனித்தனிப் பொம்மைகளாக நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தலைகளைப் பாருங்கள். நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதளத்தில் உங்கள் உயரமுள்ள எல்லோர் தலையும், கிட்டே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஒரே கண்மட்டக் கோட்டில்தான் வரும். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும். தலையை இறக்கிவிட்டால் அந்த ஆள் பள்ளத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தால் கோடு நிற்பவர்களின் இடுப்பு, நெஞ்சுப் பக்கம் இறங்கிவிடும்.

தலையைப் பெரிதாகப் போடுவது அடுத்த வழக்கமான தப்பு. உடம்பு ஏழரைத் தலை உயரம். எட்டு வைத்தாலும் கெடுதல் இல்லை. நடப்பவருக்கு ஒரு காலைக் குட்டையாக விடுங்கள், பாதமே வேண்டாம்.

மூன்று நான்கு பேரை ஒரே ஈர உருவமாகச் சேருங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தில் தலை, அது காயும் முன்பே சட்டை. நிறங்கள் கொஞ்சம் கலந்து ஓடட்டும், அந்த ஓட்டத்தில்தான் அசைவு இருக்கிறது. பிறகு அல்ட்ராமரைன் என்ற அடர்நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, காலையும் தரை நிழலையும் ஒரே இழுப்பில் இணையுங்கள். வெள்ளை வேட்டிக்குப் பெயின்ட் தேவையில்லை; தாளை அப்படியே விட்டு, பின்னால் இருட்டைக் கொடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அப்போது தாள் சீக்கிரம் காயாது. பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் பட்டால் காலிஃபிளவர்போலத் திட்டு விழும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளுக்குக் குறைந்து வாங்காதீர்கள், சுருண்டுவிடும்.